ஒட்டாமல் போன நோட்டீஸ்

பூட்டியிருந்த வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்ட கோர்ட் ஊழியர் பசை தடவிக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டுச் சந்திலிருந்து பூவாளியோடு ஒருவர் ஓடி வந்தார்.

"யோவ், நிறுத்துய்யா! இங்க யாரும் இல்ல."

"நாலாவது தடவையா வர்றேன் சார். ஆள் கையில குடுக்கணும், இல்லேன்னா கதவுல ஒட்டணும். இன்னிக்கும் வேலை முடியலேன்னா நீதிபதி என் சீட்டைக் கிழிச்சிடுவார். நீங்க யாரு?"

"பக்கத்து வீடு. அந்த ஆளு இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு வெளிநாடு போயி ஆறு மாசமாச்சு. ஒட்டினா யாரு படிக்கப் போறா, பல்லியா?"

"அவர் இங்க குடியில்லேன்னா ஒட்டவே கூடாது சார். ஆனா அதை நீங்க எழுதிக் குடுக்கணும்."

"அவ்வளவுதானே? கொண்டா பேனாவை!"

மளமளவென்று எழுதி, கீழே ஒரு கையெழுத்தைக் கிறுக்கி நீட்டினார். "பாவம், வெயில்ல அலையறே. கிளம்பு, கிளம்பு."

ஊழியர் காகிதத்தைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு நோட்டீஸை எடுத்து அவர் கையிலேயே வைத்தார்.

"எனக்கெதுக்குய்யா இது?"

"பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி அழகா எழுதிட்டீங்க சார். கையெழுத்து மட்டும் பழக்கதோஷத்துல இந்த நோட்டீஸ்ல இருக்கிற பேரையே போட்டுட்டீங்க!"