இடக்கால் முனை

"இடது முனை தேஞ்சிருக்கு! ஆளு இடக்கைக்காரன்!" என்று செருப்பு தைப்பவரின் சிறு கடையே அதிரும்படி கூவினார் அத்தான்.

அவருடைய கையில் தலைகீழாக இருந்தது ஒரு குத்துச்சண்டைக் காலணி. இன்னும் பத்து நாளில் அவருடைய மைத்துனனோடு மோதவிருக்கும் எதிராளியின் காலணி அது. அவன் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவன்; அவன் மேடையேறியதை இவ்வூரில் ஒருவரும் கண்டதில்லை.

"இது அவனோடதுதானே? நல்லாத் தெரியுமா?"

"அவனோடதேதான் சார். நேத்து அவன் பயிற்சியாளரே கொண்டாந்து குடுத்தாரு," என்றார் செருப்பு தைப்பவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அத்தான், காலணிக்கடை ஒன்றில் இருபது ஆண்டுகளாக விற்பனையாளர். அடிப்பாகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று அவர் மார்தட்டுவதைக் கேளாத காது அவ்வட்டாரத்தில் இல்லை. வலக்கைக்காரன் இடக்காலை முன்வைத்து நிற்பான். ஒவ்வொரு குத்துக்கும் பின்னாலுள்ள வலக்காலின் முனையே திருகித் தேயும். இடக்கைக்காரனுக்கோ எல்லாம் நேர்மாறு. தேய்வது இடக்கால் முனை.

காலணியின் நாடா வெள்ளைவெளேரென்று இருந்ததையும், உள்ளே அச்சிட்ட அளவு எண் சற்றும் மங்காதிருந்ததையும் அவர் கவனிக்காமல் இல்லை. "பய ரொம்பச் சுத்தக்காரன் போல," என்று பாராட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

வீட்டிலோ நிலைமை கத்திமுனையில் நின்றது. வென்றால் மைத்துனனுக்குத் துறைமுக அணியில் இடமும், அதனோடு ஒரு வேலையும் உறுதி. தோற்றாலோ, "கையுறையப் பரண்மேல போட்டுட்டு, அப்பாவோட மரக்கடையில வந்து உக்காரு," என்று அவனுடைய அக்காள், அதாவது அத்தானின் மனைவி, கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தாள்.

"மச்சான், அவனுக்கு இடது கைதான் இடி. அது உன் வலப்பக்கம் வந்து விழும். நீ எப்பவும் இடப்பக்கமாவே நழுவணும், புரியுதா?"

"அது சரி அத்தான், பழகுறதுக்கு ஒரு இடக்கை ஆளு வேணுமே?"

"ஏன், உங்கக்கா எதுக்கு இருக்கா?"

அக்காள் பிறவி இடக்கைக்காரி. கைக்கொன்றாகத் தலையணையைக் கட்டிக்கொண்டு, பத்து நாளும் தம்பியைக் கூடத்தில் விரட்டி விரட்டி வெளுத்தாள். "சின்ன வயசுல என் பென்சில ஒடிச்சதுக்கு இது!" என்று ஒரு குத்து. "என் நோட்டுல மை கொட்டினதுக்கு இது!" என்று மற்றொன்று. அவனும் உறக்கத்திற்கூட இடப்பக்கமாகவே புரளும் அளவுக்குத் தேறிவிட்டான்.

போட்டி நாள் வந்தது, மணி அடித்தது. எதிராளி இடக்காலை முன்னே வைத்து, வலக்கையைத் தாடையோரம் தயாராய் வைத்துக்கொண்டு நின்றான். அத்தான் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்து கத்தினார்.

"ஐயோ மச்சான், அந்தப் பக்கம் போகாதடா! போகாத!"

பத்து நாள் பழக்கம் யார் பேச்சைக் கேட்கும்? மைத்துனன் இடப்பக்கம் நழுவினான். எதிராளியின் வலக்கை அங்கே அவனுக்காகவே காத்திருந்தது. மறுபடியும் நழுவினான், மறுபடியும் வாங்கினான். இரண்டாம் சுற்றில் சாய்ந்தவன், நடுவர் பத்து எண்ணி முடித்த பின்னரே கண் விழித்தான்.

மறுநாட்காலை மைத்துனன் வீங்கிய தாடையோடு மரக்கடைக்குப் போனான். அத்தான் செருப்பு தைப்பவரிடம் பாய்ந்தார்.

"ஏன்யா, யாரோ ஒருத்தன் ஷூவக் காட்டி என்ன ஏமாத்திட்டியே! அவன் வலக்கைக்காரன்யா!"

"சத்தியமா அவனோடதுதான் சார். ஒருநாள்கூடப் போடாத புத்தம் புது ஷூ."

"புதுசா? பின்ன இடது முனை மட்டும் எப்படிய்யா தேஞ்சுது?"

"நான்தான் சார் தேச்சேன், நீங்க வந்து பாப்பீங்கன்னு சொல்லித்தானே குடுத்துட்டுப் போனாங்க!"