அளவுச் சட்டை

இளைஞன் கொடுத்த பழைய சட்டையைத் தையல்காரர் மேஜைமேல் விரித்தார்.

"இதே அளவுல ஒண்ணு தைக்கணும்ங்க. வேற யார் தைச்சாலும் என்கூட இருக்கறவருக்குப் பொருந்தலை."

"அவர் ஏன் வரலை?"

"மூணு வருஷமா சரியான சாப்பாடு, தூக்கம் இல்லைங்க. மனசு விட்டுப்போச்சு. அவங்க அப்பா கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினதுலேர்ந்து இப்படித்தான்."

"அப்படி என்ன பண்ணிட்டாராம்?"

"ஒரு ஆம்பளையை விரும்பினார்." இளைஞன் தலைகுனியவில்லை. "என்னைத்தான்."

தையல்காரரின் விரல்கள் காலரை விட்டு நகரவில்லை.

"இதை நான் தைச்சப்ப இருந்த உடம்பு இப்ப இருக்காது தம்பி. இளைச்சிருப்பான்." சட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "புதுசா அளவெடுக்கணும். என் பையனை நீயே கூட்டிட்டு வா."