குக்கர் கொடுத்த பதவி

அந்தச் சமையலறையில் குக்கர் வைத்ததுதான் சட்டம். துவரம்பருப்பை உள்ளே போட்டு மூடியைப் பூட்டிக்கொள்ளும்; அதற்குப் பிறகு கேள்வி கேட்க ஆள் கிடையாது. இழுப்பறையில் கிடந்த விசில், கரண்டிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு தினமும் அதைத் திட்டித் தீர்க்கும்.

ஒருநாள் குக்கரே இறங்கி வந்தது. விசில் இல்லாததால் ஆவியெல்லாம் துளை வழியே ஓடிப்போய், பருப்பு வேகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ஆட்சியில பங்கு தர்றேன். என் தலைமேலயே உட்காரு. என்னை எதிர்த்து எவ்வளவு சத்தமா வேணும்னாலும் கத்து."

"நான் கத்தினா நீ அடங்கணும்," என்றது விசில் விறைப்பாக.

"அடங்குறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்."

விசிலுக்குத் தலைகால் புரியவில்லை. "கவலைப்படாதீங்க, மேல நான் இருக்கேன்" என்று பருப்புக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, துளையை அடைத்தபடி கம்பீரமாக உட்கார்ந்தது.

உள்ளே சூடு ஏறியது. "அண்ணே, தாங்கலண்ணே" என்று பருப்பு அலறியது. விசில் எழும்பி, வீடே அதிரக் கத்தியது. குக்கர் பெருமூச்சு விட்டு அடங்கியது. இப்படி மூன்று தடவை. அதன் பிறகு பருப்பிடமிருந்து மூச்சுப்பேச்சே இல்லை.

"பார்த்தீங்களா, இப்ப ஒரு புகார்கூட வரல," என்றது விசில் கரண்டிகளிடம்.

குக்கர் இதமாகச் சொன்னது: "நாளைக்குக் கொண்டைக்கடலை. நீ ஆறு தடவை கத்தலாம்."

விசில் மறுபடியும் கரண்டிகள் பக்கம் திரும்பியது. "மூணை ஆறாக்கியிருக்கேன். சும்மா வரல, போராடி வாங்கினது."