பக்கத்துக் கட்டில்

"ஈவெட் பாப்டீஸ்ட் இந்த அமெரிக்க மண்ணுல பொறந்தவளே இல்ல, ஹைட்டிக்காரி! அதிபர் தேர்தல்ல நிக்க அவளுக்குத் தகுதியே கிடையாது. இல்லன்னு சொல்றவங்க கூப்பிடுங்க பார்ப்போம்!"

வானொலியில் ஒரு மாதமாக டேரலுக்கு இதே பல்லவிதான். லோர்னாவுக்குப் பொறுக்கவில்லை. போன் போட்டு, வேறு பெயர் கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அவ நம்ம ஓஹையோவுலதான் பொறந்தா. நான் கண்ணால பார்த்தேன்."

"நர்ஸாம்மா நீங்க?"

"இல்ல. பக்கத்துக் கட்டில்ல நானும் பிரசவத்துக்குப் படுத்திருந்தேன்."

"அடடா! இப்படிச் சொல்ல எவ்வளவு குடுத்தாங்க?"

"வெளிய பனிப்புயல். எனக்குப் பால் சுரக்கல. பசியில வீறிட்ட என் பிள்ளைக்கும் அவ அம்மாதான் பால் குடுத்தா."

"கதை பிரமாதம்! அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, சாட்சி சொல்லட்டும்."

"அந்தப் பிள்ளை நீதான்டா, டேரல்."

இனியாவது வாயை மூடுவான் என்று லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகனின் குரல் முன்னைவிட உரக்க வந்தது.

"கேட்டீங்களா நேயர்களே? எங்கம்மாவையே வளைச்சுப் போட்டுட்டானுங்க!"