கிட்டுவின் தயிர்சாதம்

காஞ்சன்பாக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், ஜன்னல் கம்பி வழியாகக் காலை வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்து கிடக்கிறது. அதன் நடுவே நடந்து வரும் பூனை கிட்டு, நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பூனை, நாய்களுக்கான உணவு ஆலோசனை சொல்ல வீடு வீடாகப் போகும் அஸ்வினி, தோள்பையை இறக்காமலே அதைப் பார்க்கிறாள். போன மாதம் அவள் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவில் பத்திரமாக ஒட்டியிருக்கிறது. கிண்ணத்தில் இருப்பது என்னவோ அதே தயிர்சாதம்தான்.

“மாமி, பூனைக்கு மாமிசம் இல்லேன்னா கண்ணு போயிடும்னு அன்னிக்கே சொன்னேன். பாதி போயாச்சு. மிச்சத்தையாவது காப்பாத்தலாம்.”

“நெய் விட்டுத்தானே பிசையறேன்” என்கிறாள் கிட்டுவை வளர்க்கும் பகவதி. “ஆவணியில மாமனார் திதி வந்துது. இப்போ புரட்டாசி. ஐப்பசி பொறக்கட்டும், பார்க்கலாம்.”

“பஞ்சாங்கம் உங்களுக்கு மாமி. கிட்டுவுக்கு நக்கோ, அதெல்லாம் வேண்டாம்.”

அஸ்வினி பையிலிருந்து டப்பாவை எடுத்து, வேகவைத்த மீனைக் காகிதத் தட்டில் உதிர்த்து வைக்கிறாள். வாசனைக்கு மூக்கைத் தூக்கிய கிட்டு அவசரமாக நடந்து, தட்டைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்துக்கொள்கிறது. திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போகிறது.  பகவதி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து, தட்டை ஒற்றை விரலால் அதன் வாயருகே தள்ளுகிறாள்.

“சீக்கிரம் தின்னு தொலை. நான் இன்னொரு தரம் குளிக்கணும்” என்கிறாள், தட்டு நகராமல் விரலால் அழுத்திப் பிடித்தபடி.