பதினேழாவது பேட்டரி

கடலை ஓட்டைக் காற்றுப் புகாத உலையில் கரியாக்கி, அந்தக் கரியில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பேட்டரி செய்வதுதான் ஆய்வுக்கூடத்தில் திலகவதியின் வேலை. ஓடு எண்ணெய் மில்லிலிருந்து மூட்டையாக வரும். இந்த முறை செய்த இருபதில் பத்தொன்பது, இருநூறு தடவை சார்ஜ் ஏறி இறங்குவதற்குள் தளர்ந்துவிட்டன. பதினேழாவது மட்டும் ஆயிரத்தைத் தாண்டியும் அசரவில்லை.

பேராசிரியர் தங்கதுரை அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினார். ஓடு எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் மில்லின் பெயர் இருந்தது. பதினேழுக்கு நேரே மட்டும் ‘சட்டைப் பை’ என்று எழுதியிருந்தாள்.

“இது என்னம்மா?”

“அவர் சாயங்காலம் கடலை தின்னுக்கிட்டே நடந்து வருவார் சார். ஓட்டை ரோட்டுல போடமாட்டார், பையிலதான் போட்டுக்குவார். தையலோரத்துல ஒண்ணு மாட்டிக்கிட்டிருந்துச்சு. அதுல ஒரு பேட்டரிக்குத்தான் கரி தேறிச்சு.”

அவள் கணவன் போய் ஏழு மாதம். காரியத்துக்குத் தங்கதுரையும் வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“ஒண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. திரும்பச் செஞ்சு காட்டினாத்தான் ரிசல்ட். வேற சட்டையில எதாவது இருக்குமா?”

திரையில் பதினேழாவதின் சார்ஜ் கோடு இறங்கி, அடியைத் தொட்டு, மறுபடி ஏறத் தொடங்கியது. அது உச்சிக்குப் போகிறவரை திலகவதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மத்ததையெல்லாம் துவைச்சிட்டேன் சார்.”