மருமகன் விதி

கை தூக்கச் சொன்னதும் முதலில் உயர்ந்தது தேவராஜாவின் கைதான். முழங்கை காதை உரசும்படி தூக்கினார்.

சிட்னியின் கிரவீன் பகுதியில் ஒரு சின்ன மண்டபம். ஆறு பழைய மாணவர் சங்கங்கள். சங்கத்துக்கு ஒரு கை. நாலு கை உயர்ந்தால் மருமகன் விதி ஒழிந்தது.

எல்லே என்பது பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கையுறை கிடையாது. மூங்கில் தடி, டென்னிஸ் பந்து, நாலு மூலைக்கும் ஓட்டம். வருடத்தில் ஒரு நாள், வாடகைக்கு எடுத்த பேஸ்போல் மைதானத்தில், சிட்னியில் இருக்கும் யாழ்ப்பாணத்தார் அவரவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காக விளையாடுகிறார்கள். மிச்சம் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அடுத்த அணியிலிருந்து யாரை இழுக்கலாம் என்று யோசிக்கிறார்கள்.

இழுக்கவும் ஒரு விதி வேண்டும். அணித் தலைவராக இருந்தாலும் சரி, பந்து பொறுக்குபவராக இருந்தாலும் சரி, பெயர் பதிய வேண்டுமானால் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். அல்லது படித்தவரின் பிள்ளையாக இருக்க வேண்டும். அல்லது மருமகனாக இருக்க வேண்டும்.

ஆறு அணிகளில் வசதியான பெரிய கல்லூரி புகுந்து விளையாடியது இந்த மூன்றாவதில்தான்.

அவர்களிடம் இல்லாதது என்ன? வீடு கட்டி விற்பவர் ஒருவரும் வீட்டுக்கடன் முகவர்கள் இருவரும் அணிக்கு ஆதரவு. தடி கொழும்பிலிருந்து விமானத்தில் வரும். பயிற்சியாளர் உண்டு. தசை பிடித்தால் நீவிவிட வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் உண்டு. தேவராஜா தலைமை தாங்கும் மருதவளை வித்தியாலய அணிக்கோ, அவர் மனைவி யோகா அவித்துக் கொண்டுவரும் கடலை உண்டு.

போதாக்குறைக்குப் பெரிய கல்லூரிச் சங்கத் தலைவர் சிறிக்கு மூன்று பெண்கள். மூத்தவள் நல்ல ஓட்டக்காரன் ஒருவனைக் கட்டினாள்; இப்போது அணித் தலைவன் அவன்தான். அடுத்தவள் குறி தப்பாமல் எறிபவனைக் கட்டினாள். கடைக்குட்டி லக்சிகா இந்தத் தை மாதம் கட்டியது அனோஜனை.

அனோஜன் மருதவளைக்காரரின் மகன். மருதவளையில் உருப்படியாக அடிக்கத் தெரிந்த ஒரே ஆள். அவன் ஓங்கி அடித்தால் பந்து வேலி தாண்டிக் கார்த் தரிப்பிடத்தில்தான் விழும். பதினெட்டு வருடம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய அணி, போன வருடம் அவன் புண்ணியத்தில் அரையிறுதியைக் கண்ணால் கண்டது.

கலியாணத்துக்கு முதல் நாள் சிறி தேவராஜாவுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அனோஜனுக்கு ஈடாக இரண்டு உதிரி ஆட்டக்காரரும் ஒரு வருட மைதான வாடகையும் தருகிறாராம். கேட்காமலே கொடுக்கிற பெருந்தன்மை. கலியாண மண்டபத்தில் தேவராஜா சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். வயிறெரிந்த மனிதருக்குச் சோறு எப்படி இறங்கும்?

அன்று தொடங்கிய வேலை. ஆறு மாதமாக ஒவ்வொரு சங்கத்தாருக்கும் தொலைபேசியில் பேசிப் பேசித் தொண்டை கட்டி, கடைசியில் இன்று விதியை மாற்றும் தீர்மானத்தோடு எழுந்து நின்றார்.

"பள்ளிக்கூடம் எண்டது படிச்சவனுக்குத்தான். கலியாணம் கட்டினவனுக்கு இல்லை!"

சபை கைதட்டியது. மருதவளைப் பள்ளிக்கூடத்துக் கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்பதுவரை சொன்னார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. அது நடிப்பில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் அவருக்கு உயிர்.

இரண்டாவது கை உயர்ந்தது. மூன்றாவதும் உயர்ந்தது.

பிறகு ஒன்றும் இல்லை. தூக்கிய கை கடுக்கத் தொடங்கியது. தேவராஜா நல்லூர்க் கந்தனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது நாலாவது கை தெரிந்தது. அது சிறியின் கை.

மற்ற இருவரும் அதைப் பார்த்துத் தங்கள் கைகளையும் தூக்கிவிட்டார்கள். ஏகமனது. அந்த மனிதரிடமும் மனச்சாட்சி என்று ஒன்று இருந்திருக்கிறதே என்று தேவராஜாவுக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. இத்தனை காலம் வாயில் வந்தபடி திட்டியிருக்க வேண்டாம்.

செயலாளர் மிருணாளினி அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பட்டியல்களைத் திருத்தத் தொடங்கினாள். பெரிய கல்லூரியில் மூன்று மருமக்களும் அழிந்தார்கள். அனோஜன் தகப்பனின் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினான். தேவராஜா மேசையில் ஓங்கித் தட்டினார். இந்த முறை கிண்ணம் மருதவளைக்குத்தான்.

அடுத்து மருதவளைப் பட்டியல். முதல் பெயரிலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. நீங்கள் படிச்சது எந்தப் பள்ளிக்கூடம்?"

தேவராஜா மேசையிலிருந்து கையை எடுத்தார்.

மருதவளை வித்தியாலயம் யோகா படித்த பள்ளிக்கூடம். யோகாவின் தகப்பன் படித்து, பிறகு படிப்பித்த பள்ளிக்கூடம். கலியாணம் கட்டிய வருடமே மாமனாரின் பெயரைச் சொல்லி அணியில் சேர்ந்தவர், பத்தொன்பது வருடங்களில் அது தன்னுடைய பள்ளிக்கூடம் இல்லை என்பதை அடியோடு மறந்துபோயிருந்தார்.

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டாவது போயிருக்கலாம்.

சிறி எழுந்து வந்து பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம்வரை பெரிய கல்லூரியில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்த உரிமையோடு தேவராஜாவின் தோளில் கையைப் போட்டார்.

"மருமக்கள் மூண்டு பேரும் போயிட்டாங்கள். கப்டன் இல்லாமல் நிக்கிறம். வாறியோ, மச்சான்?"